ஆயில் குடிக்கும் பழைய கார்: இன்ஜினைத் திறக்கும் முன்

பதினைந்து வயதைத் தாண்டிய காரை வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் புகார்களில் இரண்டு எப்போதும் சேர்ந்தே வரும். ஒன்று, ‘ஆயில் குடிக்குது’. மற்றொன்று, ‘இன்ஜின்ல ஏதோ சத்தம் கேக்குது’. கிடைக்கிற பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “இன்ஜின் வேலை வந்துடுச்சு சார், இறக்கிடலாம்.”

அந்தப் பதில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஆயில் எவ்வளவு குறைகிறது, எந்த வழியாகப் போகிறது, சத்தம் இன்ஜினின் மேல்பகுதியிலிருந்து வருகிறதா கீழ்ப்பகுதியிலிருந்தா என்று பார்க்காமல் அதைச் சொல்ல யாராலும் முடியாது. நாடி பிடித்துப் பார்க்காமல் கத்தியை எடுக்கும் வைத்தியம் அது. ஒரே புகாருக்குக் காரணம் சில நூறு ரூபாய் கேஸ்கட்டாகவும் இருக்கலாம், பிளாக்கை லேத்துக்கு அனுப்பிச் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்ய வேண்டிய தேய்மானமாகவும் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. மாதம் ஒன்றரை லிட்டர் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தோம். முதலில் பார்த்த இடத்தில் ரிங் போய்விட்டது என்றார்கள். இரண்டாவதாகப் பார்த்த வயதான மெக்கானிக் ஸ்பேனரையே எடுக்கவில்லை. வால்வ் கவரிலிருந்து போகும் பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். காற்று போகவில்லை. அதன் முனையிலிருந்த வால்வ் தார்போல இறுகிக் கிடந்தது. அதை மாற்றி, கசிந்துகொண்டிருந்த கேம் ஷாஃப்ட் சீலையும் மாற்றினார். அதன்பின் அந்த இன்ஜின் திறக்கப்படாமலேயே பல ஆண்டுகள் ஓடியது. இந்த அத்தியாயத்தின் பாடம் அன்று அவரிடம் கற்றதுதான்: எளியதை முதலில் பார், அளக்காமல் எதையும் திறக்காதே.

இங்கே சொல்வதெல்லாம் மாருதி 800, அம்பாசடர் காலம் முதல் ஓடுகிற பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதியது. டீசல் இன்ஜினுக்குப் பொருந்தாத இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

ஆயில் எந்த வழிகளில் போகிறது?

பிஸ்டனில் வழக்கமாக மூன்று ரிங்குகள் இருக்கும். மேலே உள்ள இரண்டும் எரியும் வாயுவின் அழுத்தத்தைத் தாங்கும் கம்ப்ரஷன் ரிங்குகள். கீழே உள்ளது ஆயில் ரிங். சிலிண்டர் சுவரில் தெறிக்கும் ஆயிலை வழித்துக் கீழே இறக்குவது அதன் வேலை. முழுவதும் வழித்துவிட்டால் பிஸ்டன் உலர்ந்து பிடித்துக்கொள்ளும். அதனால் மெல்லிய படலம் ஒன்று சுவரில் தங்கத்தான் வேண்டும். அந்தப் படலத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு முறையும் எரிந்துபோகிறது. எனவே ஆயிலே குறையாத இன்ஜின் என்று ஒன்று இல்லை. எவ்வளவு குறைகிறது என்பதே கேள்வி.

1000 கி.மீ.க்கு 1 லிட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 1 கி.மீ.க்கு 1 மில்லி. மூன்று சிலிண்டர் இன்ஜின் ஒன்று 60 கி.மீ. வேகத்தில், நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால், ஒரு கிலோமீட்டருக்குள் 4500 முறை எரிப்பு நடக்கிறது. அந்த 1 மில்லியை 4500 பங்கு வைத்தால் எவ்வளவு வருமோ அதுதான் ஒவ்வொரு எரிப்பிலும் வீணாவது. கண்ணுக்கே தெரியாத அளவு. அதனால்தான் நிறைய ஆயில் குடிக்கும் கார் சில நேரம் புகையே காட்டாது. கேட்டலிடிக் கன்வர்டர் பொருத்திய கார்களில் அது லேசான புகையை எரித்து இன்னும் மறைத்துவிடும். ‘புகை வரலை, அதனால ரிங் நல்லா இருக்கு’ என்ற முடிவை உடனே எடுக்காதீர்கள்.

ஆயில் போகும் வழிகள் நான்கு:

1. கேஸ்கட், சீல் வழியாக வெளியே கசிவது.
2. வால்வ் கைடு, வால்வ் சீல் தேய்ந்து மேலிருந்து சிலிண்டருக்குள் இறங்குவது.
3. ரிங் தேய்ந்து அல்லது கரி பிடித்து ஒட்டிக்கொண்டு, கீழிருந்து சிலிண்டருக்குள் ஏறுவது.
4. பிரீதர் வழியாக ஆவியாகவும் துளியாகவும் காற்றுக் குழாய்க்குள் இழுபடுவது.

ஹெட் கேஸ்கட் வழியாக ரேடியேட்டர் தண்ணீரில் கலப்பது ஐந்தாவது வழி. அது அரிது, ஆனால் ஆபத்தானது.

முதல் வேலை: அளப்பது

ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா, மில்லி குறியிட்ட ஒரு குவளை போதும்.

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். முதல் நாள் இரவு நிறுத்திய கார், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பார்ப்பதே நல்லது. டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, முழுவதும் உள்ளே விட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். மேல் குறி வரை ஆயில் நிரப்பி, ஓடோமீட்டர் அளவை எழுதிக்கொள்ளுங்கள். 250 கி.மீ.க்கு ஒருமுறை, அதே இடத்தில், அதே காலை வேளையில் பாருங்கள். குறைந்ததை மேல் குறி வரை மறுபடி நிரப்பும்போது எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்று குறியுங்கள். 1000 கி.மீ. முடிந்ததும் கூட்டிப் பாருங்கள்.

பெரும்பாலான கார்களில் டிப்ஸ்டிக்கின் இரு குறிகளுக்கும் இடையே முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை இருக்கும். ‘பாதிக்கு இறங்கிடுச்சு’ என்று பதறுபவர்கள் பலருக்கு உண்மையில் குறைந்திருப்பது அரை லிட்டருக்கும் கீழேதான். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரைக்க வைக்கும். அந்தக் கூடுதல் ஆயில் பிரீதர் வழியாகப் போய்விடும். நீங்களோ அதையும் இன்ஜின் குடித்ததாகக் கணக்கு எழுதுவீர்கள்.

பழைய காருக்கு நான் வைத்திருக்கும் கைக்கணக்கு இது. 1000 கி.மீ.க்கு 250 மில்லி வரை குறைந்தால் ஊற்றிக்கொண்டே ஓட்டலாம். 250 முதல் 500 மில்லி வரை என்றால் காரணம் தேடுங்கள், அவசரம் இல்லை. 500 மில்லியைத் தாண்டினால் கீழே சொல்லும் சோதனைகளை அந்த மாதமே செய்யுங்கள். 1 லிட்டரைத் தாண்டினால் நெடும்பயணம் போவதை நிறுத்திவைத்துவிட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கார்புரேட்டர் காலத்துக் கார்களில் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் கலக்கும். அப்போது ஆயில் எரிந்துகொண்டே இருந்தாலும் டிப்ஸ்டிக்கில் அளவு குறையாது, ஏறக்கூடச் செய்யும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்து, ஆயில் தண்ணீராக ஓடினால் அந்த ஆயிலில் இன்ஜினை ஓட்டக்கூடாது.

கசிவைத் தேடுங்கள்

இரவில் இன்ஜினுக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் கறையின் நிறத்தையும் இடத்தையும் பாருங்கள். கருப்போ பழுப்போ என்றால் இன்ஜின் ஆயில். பச்சை அல்லது சிவப்பு என்றால் கூலன்ட். கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் கியர் ஆயில். நிறமற்ற தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வடிந்தது.

தாளில் கறை இல்லாததால் கசிவு இல்லை என்று ஆகாது. சில சீல்கள் இன்ஜின் ஓடி அழுத்தம் ஏறும்போது மட்டும் கசியும். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி. சாலையில் 50 மீட்டருக்கு ஒரு சொட்டு விழுந்தால்கூட 1000 கி.மீ.யில் 20,000 சொட்டுகள், அதாவது 1 லிட்டர். ரிங் போய்விட்டது என்று பயந்த அதே ஒரு லிட்டர்.

கசிவைப் பிடிக்க ஒரு எளிய வழி உண்டு. இன்ஜினின் வெளிப்புறத்தை டீசலோ டிகிரீசரோ போட்டு நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவுங்கள். பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஈரமான கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஊற்று. ஆயில் கீழே வழியும், காற்றில் பின்னோக்கிப் போகும். ஆகவே மிக உயரமான, மிக முன்னால் இருக்கும் ஈரத்தைத் தேடுங்கள்.

பார்க்க வேண்டிய இடங்கள்: வால்வ் கவர் கேஸ்கட், டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் உள்ள ரப்பர் வளையம், கேம் ஷாஃப்ட் சீல், கிராங்க் முன் சீல், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர், அடியில் ஆயில் தங்கும் சம்ப்பின் கேஸ்கட், அதன் போல்ட். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரம் இருந்தால் கிராங்க் பின் சீல். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் வேலை வரும்போது சேர்த்துச் செய்தால் கூலி ஒன்றோடு முடியும்.

புகை எப்போது வருகிறது?

புகையின் நிறம் எல்லோருக்கும் தெரியும். நீலம் என்றால் ஆயில். கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம். நிற்காமல் வரும் வெள்ளை, கூலன்ட் குறைவோடு சேர்ந்தால் ஹெட் கேஸ்கட். ஆனால் நோயைக் காட்டிக்கொடுப்பது நிறத்தைவிட நேரம்தான். பின்னால் ஒருவரை வேறு வண்டியில் வரச் சொல்லி இந்த நான்கு வேளைகளிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

*காலை முதல் ஸ்டார்ட்.* குப்பென்று ஒரு நீலப் புகை வந்து, அரை நிமிடத்தில் நின்றுவிட்டால் வால்வ் சீல். இரவெல்லாம் ஹெட்டில் தங்கிய ஆயில் கைடு வழியாகச் சொட்டிச் சிலிண்டருக்குள் தேங்கியிருக்கிறது.

*சிக்னலில் ஐடிலிங்.* ஐந்து நிமிடம் நின்று ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது புகை வந்தாலும் சந்தேகம் வால்வ் சீல் மீதே.

*மலை இறக்கம்.* ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையோ கொல்லிமலையின் 70 வளைவுகளையோ கியரில் பிடித்தபடி இறங்கி வந்து, சமதளத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் பின்னால் புகை மண்டினால் வால்வ் கைடும் சீலும். ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது இன்டேக் குழாய்க்குள் வலுவான வெற்றிடம் உண்டாகிறது. அது ஹெட்டிலிருக்கும் ஆயிலை உறிஞ்சி இழுக்கிறது. பழைய டீசல் இன்ஜின்களில் அப்படி வெற்றிடம் உண்டாவதில்லை. அவற்றுக்கு இந்தச் சோதனை பயன்படாது.

*மலை ஏற்றம்.* முழு லோடில், ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஏறும்போது தொடர்ந்து நீலப் புகை வந்தால் ரிங், சிலிண்டர் போர் பக்கம் திரும்புங்கள்.

மூடி, பிரீதர், பிளக்

இன்ஜின் சூடாகி ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வருவது இயல்பு. ரயில் இன்ஜின் போல விட்டுவிட்டுப் புகை தள்ளினால் அதைத்தான் நம் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்கிறார்கள். எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி, சம்ப்பிலிருந்து மேலே வருகிறது. ஆனால் தீர்ப்பு சொல்லும் முன் பிரீதர் குழாயையும் அதன் வால்வையும் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அடைப்பு இருந்தாலும் இதே போலத்தான் தள்ளும். அந்த அழுத்தம் நல்ல சீல்களையும் கசிய வைக்கும். இந்த வால்வ் ஒன்றை மாற்றியதும் மூன்று இடத்தில் கசிவு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போலப் படிந்திருந்தால் உடனே ஹெட் கேஸ்கட் என்று பயப்பட வேண்டாம். மழைக்காலத்தில் கடைத்தெரு வரை மட்டும் போய்வரும் காரில் ஈரம் ஆவியாகாமல் அப்படிப் படிவது உண்டு. டிப்ஸ்டிக்கில் உள்ள ஆயிலே பால் காபி நிறமாக மாறியிருந்தால்தான் ஆபத்து. அந்தக் காரை ஸ்டார்ட் செய்யாமல் ஏற்றிக்கொண்டு போங்கள்.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்று வரிசையாக வையுங்கள். உலர்ந்த மெல்லிய கரி என்றால் பெட்ரோல் கலவை அதிகம். ஈரமாக, பிசுபிசுப்பாக, கருப்பாக இருந்தால் அந்த சிலிண்டரில் ஆயில் ஏறுகிறது. அவற்றில் ஒன்று மட்டும் ஈரமாக இருந்தால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.

கம்ப்ரஷன் சோதனை

இதற்கு மெக்கானிக்கின் உதவி வேண்டும். கேஜ் வைத்திருக்கிறாரா என்று முன்னதாகவே கேளுங்கள். விரலால் அடைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது.

இன்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்கள். எல்லா பிளக்குகளையும் கழற்ற வேண்டும். இக்னிஷனையும், இன்ஜெக்‌ஷன் கார் என்றால் பெட்ரோல் பம்ப்பையும் துண்டிக்க வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில், ஐந்தாறு துடிப்பு வரை செல்ஃப் அடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல பெட்ரோல் இன்ஜின்கள் பெரும்பாலும் 150 முதல் 190 பிஎஸ்ஐ வரை காட்டும். உங்கள் காரின் சரியான அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். மொத்த அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். ஒன்று மற்றதைவிட பதினைந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அங்கே கோளாறு.

குறைந்த சிலிண்டருக்குள் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம். ஊற்றிய ஆயில் இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் வால்வ் சரியாக உட்காரவில்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால் இடையே உள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கம்ப்ரஷன் எல்லா சிலிண்டரிலும் அருமையாக இருக்கும், ஆயிலோ லிட்டர் கணக்கில் போகும். கம்ப்ரஷனைப் பிடிப்பது மேல் ரிங்குகள். ஆயிலை வழிப்பது கீழ் ரிங். ஆயில் மாற்றும் தவணைகளைத் தள்ளிப்போட்ட காரில் கீழ் ரிங்கின் துளைகள் கரியால் அடைபட்டு, ரிங் பள்ளத்தோடு ஒட்டிக்கொள்ளும். கேஜ் அதைக் காட்டாது. பிளக்கின் ஈரமும் ஏற்றத்தில் வரும் புகையுமே காட்டிக்கொடுக்கும்.

கம்ப்ரசர் வசதி உள்ள பட்டறையில் சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கேட்கச் சொல்லுங்கள். காற்று ஆயில் மூடி வழியாகச் சீறினால் ரிங், சைலன்ஸர் வழியாக வந்தால் எக்ஸாஸ்ட் வால்வ், கார்புரேட்டர் வழியாக வந்தால் இன்டேக் வால்வ், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்.

சத்தத்தைக் கேட்பது எப்படி?

நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதருகே வைத்துக் கேட்பது பழைய முறை. மெக்கானிக்குகளுக்கென்றே விற்கும் ஸ்டெதஸ்கோப் இன்னும் நல்லது. துப்பட்டா, புடவைத் தலைப்பு, தளர்ந்த சட்டைக் கை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்றத் தொடங்கும்.

முதலில் இன்ஜினின் சத்தம்தானா என்று பாருங்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் ஆல்டர்நேட்டர் பேரிங்கோ, அந்த பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப்போ. மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினுக்கு மூன்றே சிலிண்டர். ஐடிலிங்கில் ஆடுவது அதன் இயல்பு. மவுன்டிங் ரப்பர் நைந்தால் அந்த ஆட்டம் பாடி முழுவதும் தடதடக்கும். அதை இன்ஜின் சத்தம் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

*டக்-டக் என்று மேலிருந்து, லேசாக, சீராக.* டேப்பட் சத்தம். கேம் ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் இந்தத் தட்டலும் இன்ஜின் சுற்றில் பாதியாகக் கேட்கும். மாருதி 800-இல் ஸ்குரூவையும் லாக் நட்டையும் தளர்த்தி, ஃபீலர் கேஜ் வைத்து, கையேட்டில் உள்ள இடைவெளிக்குச் சரிசெய்யலாம். அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் கேம் ஷாஃப்ட் பிளாக்கில் இருந்து புஷ் ராடு வழியாக வால்வை இயக்குகிறது. கொஞ்சம் டேப்பட் சத்தம் அதோடு பிறந்தது. சத்தமே வேண்டாம் என்று டேப்பட்டை இறுக்கச் சொல்லாதீர்கள். இறுகிய வால்வ் முழுவதும் மூடாமல் கருகிவிடும். லேசாகத் தட்டும் டேப்பட் இறுகிய டேப்பட்டைவிட நல்லது.

*டேப்பட் போலவே, ஆனால் குளிர்ந்த இன்ஜினில் அதிகம், சூடானால் குறைவு, ‘சிட்-சிட்’ என்று காற்று கலந்த ஒலி.* எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட் கசிவு. இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்கிறது. கேஸ்கட்டைச் சுற்றிக் கரிக்கோடு தெரியும்.

*காலையில் வெற்றுப் பாத்திரத்தைத் தட்டுவதுபோல், சூடானதும் மறைவது.* பிஸ்டன் தேய்ந்து சிலிண்டரில் ஆடுகிறது. சூட்டில் பிஸ்டன் விரிந்ததும் அடங்கும். ஆயில் அளவும் புகையும் சரியாக இருந்தால் இதோடு பல ஆண்டு ஓடும் கார்கள் உண்டு.

*ஏற்றத்தில், டாப் கியரில் இழுக்கும்போது கோலிக்குண்டு உருளுவதுபோல்.* நாக்கிங். டைமிங் முன்தள்ளி இருக்கலாம், சிலிண்டரில் கரி சேர்ந்திருக்கலாம். ஆயில் எரியும் இன்ஜினில் இது கூடுதலாக வரும்.

*அடியிலிருந்து கனமாக, ‘டொக்-டொக்’ என்று, ஆக்ஸிலரேட்டரைக் கூட்டி விடும் கணத்தில் தெளிவாக.* பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கன்ராடின் பிக் எண்ட் பேரிங். இன்ஜின் சூடாகி ஆயில் இளகும்போது கூடும். அந்த சிலிண்டரின் எரிப்பை நிறுத்தினால் சத்தம் குறையும் அல்லது மாறும். பழைய கார்களில் காப்புள்ள இடுக்கியால் பிளக் வயரை எடுத்துப் பார்ப்பார்கள். இன்ஜெக்‌ஷன் காரில் இன்ஜெக்டர் சாக்கெட்டைக் கழற்றுவதே சரி. இல்லையேல் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்டரைச் சூடேற்றிக் கெடுக்கும்.

*லோடில் மட்டும் ஆழத்தில் உறுமும் தட்டல்.* மெயின் பேரிங்.

கடைசி இரண்டில் எது கேட்டாலும் இன்ஜினை அணையுங்கள். வீடு பத்து கிலோமீட்டர்தான் என்று ஓட்டாதீர்கள். பேரிங் பிடித்தால் கன்ராடு உடைந்து பிளாக்கையே குத்தித் தள்ளும். ஆயில் விளக்கு சூடான ஐடிலிங்கில் மினுக்கினாலும் இதே விதிதான். அப்போது ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் கேஜ் பொருத்தி அளக்கச் சொல்லுங்கள். 1000 சுற்றுக்கு ஏறக்குறைய 10 பிஎஸ்ஐ என்பது பட்டறைகளில் வழங்கும் பொதுக் கணக்கு. கேஜில் பிரஷர் சரியாக இருந்து, சத்தமும் இல்லையென்றால் கெட்டது சுவிட்ச் மட்டுமே.

இரண்டு புகாரும் சந்திக்கும் இடம்

ஆயில் குறைவும் சத்தமும் தனித்தனி நோய்கள் அல்ல. ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுக்கும். கசிவாலோ எரிவாலோ ஆயில் கீழ்க் குறிக்கும் கீழே இறங்கிவிட்டால், வளைவிலும் பிரேக்கிலும் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும். பம்ப் காற்றை உறிஞ்சும். அந்தச் சில நொடிகளில் பேரிங் உலர்ந்து தேயும். இப்படிப் பலமுறை நடந்தபின் ஒருநாள் டொக்-டொக் தொடங்கும். சில நூறு ரூபாய் சீலைத் தள்ளிப்போட்டதற்கான விலை அது. எதிர்த்திசையிலும் நடக்கும். தேய்ந்த பேரிங்கின் இடைவெளி வழியாக ஆயில் அதிகமாகத் தெறித்து சிலிண்டர் சுவரை நனைக்கும். ஆயில் ரிங்கால் அவ்வளவையும் வழிக்க முடியாமல் புகை வரும். அதனால்தான் ரிங்கை மட்டும் மாற்றிய சில கார்கள் மறுபடியும் ஆயில் குடிக்கின்றன.

வைத்தியத்தின் வரிசை

சிறியதிலிருந்து பெரியதற்குப் போங்கள். ஒவ்வொரு படியும் முடிந்ததும் 1000 கி.மீ. அளந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

1. பிரீதர், அதன் வால்வ், வெளிக் கசிவுகள்.
2. கையேட்டில் சொன்ன தரத்தில் நல்ல ஆயில், புதிய ஃபில்டர். பழைய இன்ஜினுக்கு ஆயிலின் கனத்தை ஒரு படி கூட்டுவது தவறில்லை.
3. வால்வ் சீல். பல இன்ஜின்களில் ஹெட்டை இறக்காமலேயே, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கியபடி மாற்றலாம்.
4. ஹெட் வேலை: கைடு, வால்வ் லேப்பிங், ஹெட் வளைந்திருக்கிறதா என்ற சோதனை.
5. ரிங், பேரிங், தேவைப்பட்டால் ரீபோர்.

ஐந்தாவது படிக்கு வந்தால் ஒன்றில் உறுதியாக இருங்கள். ரிங் வாங்கும் முன் லேத்தில் போர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சிலிண்டர் கீழ்ப்பகுதியைவிட மேல்பகுதியில் அதிகம் தேய்ந்து, வட்டம் நீள்வட்டமாகியிருக்கும். நீள்வட்டப் போரில் வட்டமான புது ரிங்கைப் போட்டால் சில மாதத்தில் பழைய கதை திரும்பும். அளவு மீறியிருந்தால் ரீபோர் செய்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதே முறை. போர் ஏன் தேய்ந்தது என்றும் தேடுங்கள். கிழிந்த ஏர் ஃபில்டர், விரிசல் விட்ட காற்றுக் குழாய், ஒருமுறை ரேடியேட்டர் கொதித்த வரலாறு ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். அவற்றை அப்படியே விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் புதுப்பித்தால் பணம் தூசியாகப் போகும்.

பழைய கார் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பார்க்கப் போகும் முன் இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். காலைப் புகை, குளிர் சத்தம் இரண்டையும் மறைக்க எளிய வழி, காரை முன்னதாகவே ஓட்டி வைப்பதுதான். டிப்ஸ்டிக் ஆயில் தேன்போல இழுத்தால், சத்தத்தை அடக்கக் கெட்டி ஆயில் ஊற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். ரிங்கைச் சரிசெய்துவிடும் என்று சொல்லி விற்கும் டப்பாக்கள் தேய்ந்த இரும்பை வளர்க்காது.

மெக்கானிக்கிடம் போகும்போது

‘ஆயில் குடிக்குது அண்ணே’ என்பதோடு நிறுத்தாதீர்கள். நோட்டைக் கையில் கொடுங்கள். 1000 கி.மீ.க்கு 600 மில்லி, காலையில் மட்டும் புகை, மூன்றாவது பிளக் ஈரம், சத்தம் மேலிருந்து, ஆயில் விளக்கு எரியவில்லை என்று ஐந்து வரி எழுதிக் கொடுங்கள். நல்ல மெக்கானிக் அதைப் படித்ததும் தன் வேலை பாதி முடிந்தது என்று மகிழ்வார். அதைப் படிக்காமலேயே இன்ஜினை இறக்கலாம் என்பவரிடம் காரை விட்டுவிட்டு வராதீர்கள். வேலை முடிந்ததும் மாற்றிய பழைய ரிங்கையும் சீலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. இன்றும் அந்தக் கார்கள் நம் தெருக்களில் ஓடுகின்றன. அவற்றை ஓட வைப்பது பெரிய செலவு அல்ல, வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கைப் பார்க்கும் பழக்கம். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை அதிலிருந்தே தொடங்குங்கள். மேல் குறி வரை ஆயில் நிரப்பி, நோட்டில் முதல் வரியை எழுதுங்கள்.